கிரந்திக்குப் பயந்த கால்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் – கட்டிலில் என் அண்ணை, கால்மாட்டில் அவர் மனைவி, என் மச்சாள், கதவோரம் நான், புண்ணுக்கு மருந்து கட்ட வந்த நேர்ஸ் பிள்ளை. நாலே பேர்.

அண்ணை மயிலிட்டிக் கடலில் தொழில் செய்கிறவர். வலையிலிருந்து மீன் கழற்றும்போது திருக்கை முள் பாதத்தில் ஏறிவிட்டது. சீனி வருத்தமும் உண்டு, நீரிழிவு. ஒப்பரேஷன் செய்தும் புண் மூடவில்லை. அடுத்த கிளினிக்குக்குள் புதுச்சதை வராவிட்டால் பாதத்தை எடுக்கவேண்டி வரலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். வாராவாரம் இந்தப் பத்தியில் என் பயங்களைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும்... எனக்கு நித்திரை ஏது?

நேர்ஸ் பிள்ளை கட்டை அவிழ்த்தாள். பிறகு அண்ணையின் தொடையைப் பிடித்துப் பார்த்தாள். தசை இல்லை, தோல்தான் கைக்குள் வந்தது. என்ன சாப்பாடு என்று கேட்டாள்.

"கஞ்சிதான் பிள்ளை. கிரந்தி ஒண்டும் கண்ணிலையும் காட்டேல்லை," என்றாள் மச்சாள், பெருமையாக.

கிரந்தி என்றால் புண்ணைப் பொங்க வைக்கும் என்று நாங்கள் ஒதுக்குகிற சாப்பாடு. முட்டை, இறால், கணவாய், சூரை... பயத்தில் மச்சாள் எல்லா மீனையுமே நிறுத்திவிட்டாள். வாசலில் மீன் வந்து இறங்குகிற வீட்டில், மனிதருக்கு வெறுங்கஞ்சி.

அந்தப் பிள்ளை ஏசவில்லை. பொறுமையாக விளக்கினாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள் – விளங்கியதைச் சொல்கிறேன். புரதத்தில் நைதரசன் இருக்கிறதாம். சாப்பாட்டோடு உள்ளே வருகிறது, சிறுநீரோடு வெளியே போகிறது. வருவதைவிடப் போவது கூடினால், உடம்பு தன் தசையையே கரைக்கிறது என்று அர்த்தம். புண் ஆறவும் புரதம்தான் வேண்டும். கஞ்சியில் அது எவ்வளவு இருக்கும்? விறகில்லாத வீடு கூரையைப் பிடுங்கி அடுப்பெரிக்கிற மாதிரி என்றாள்.

"அப்ப நான் என்னையே தின்னுறன்," என்றார் அண்ணை. "உவளின்ரை கஞ்சியை விட அது ருசிதான்."

நேர்ஸ் பிள்ளை புதுக் கட்டைப் போட்டு முடித்தாள்.

அவள் போனதும் மச்சாள் முட்டை அவித்துக்கொண்டு வந்தாள். அண்ணை கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"தின்னுறன். புண் பொங்கினா ஆர் பொறுப்பு? நீ சொல்லு தங்கச்சி."

மச்சாள் என்னைப் பார்த்தாள். நான் முட்டையைப் பார்த்தேன். படித்த பிள்ளை சொன்னது சரி என்று மனதுக்குத் தெரிகிறது. 'நான் பொறுப்பு' – இரண்டே இரண்டு சொல். வாய் திறந்ததா? இல்லை.

மச்சாள் மறுபடி கஞ்சியை ஆற்றத் தொடங்கினாள்.

நாளைக்குக் கிளினிக். முட்டைக்குப் பயந்து காலைக் கொடுக்கத் துணிந்த குடும்பம் எங்களுடையது.