அக்கரை மணலில் இருதயம்மாள்

கல்மண்டபத்துச் சந்தில் இருதயம்மாளையும் அவள் புருஷன் ஜேக்கப்பையும் பற்றி ஒரு கேலிப் பேச்சு உண்டு. ஈஸ்டர் முடிந்த வாரம் மற்றவர்கள் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போவார்கள். இவர்கள் இருவரும் தார்ப்பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, குண்டானும் அரிசியுமாக எண்ணூருக்கு ரயிலேறுவார்கள். முகத்துவாரக்குப்பத்தில் படகு பிடித்து அக்கரை மணலில் கூடாரம் போட்டு இரண்டு நாள் கிடந்துவிட்டு வருவார்கள். தலைக்கு மேல் கூரை இருக்கும்போது நண்டோடு படுக்கப் போகிற ஜோடி என்று சந்து முழுக்கச் சிரிக்கும்.

இதைத் தொடங்கி வைத்தவள் இருதயம்மாள்தான். மீன்பிடிக் குடும்பத்தில் அண்ணன்களோடு போட்டி போட்டு நீந்தி வளர்ந்தவள். ஜேக்கப் துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கயிறு கட்டும் கலாசி. தினமும் கடலைப் பார்த்தாலும் அவனுக்கு நீச்சல் தெரியாது. கல்யாணமான புதிதில் அவள்தான் அவனைக் கழிமுகத்துக்கு இழுத்துப்போய்க் கைகால் அடிக்கக் கற்றுக்கொடுத்தாள். வளைக்குள் கைவிட்டு நண்டு பிடிக்கச் செய்தாள். சவுக்குத் தோப்பைத் தாண்டி, கால் சலிக்கும்வரை கரையோரமாக வடக்கே நடத்திக் கூட்டிப்போனாள். அவனுக்கு அது பித்தாகப் பிடித்துக்கொண்டது.

அதெல்லாம் பழைய கதை. எழுபத்தொன்றாம் வருஷம் அவளுக்கு நாற்பது கடந்திருந்தது. ராயபுரத்தில் இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை. விடியும் முன்னே போய் ஐஸ் தண்ணீரில் கைவைத்தால் மதியம்வரை நின்றுகொண்டே உரிக்க வேண்டும். விரல் நுனிகள் வெளுத்து வெடித்திருந்தன. வீட்டுக்கு வந்தால் கொழுந்தன்மார் குடும்பங்களும் சேர்ந்து ஒரே அறையில். யாருக்கு என்ன வேண்டுமென்றாலும் அவள் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். கண்ணை மூடினால் ஒரு குரல், மறுபடி மூடினால் இன்னொரு குரல். அலுப்பு அவளுக்குள் உப்பு மாதிரி படிந்துபோயிருந்தது. ஆனால் தானே தொடங்கியதைத் தானே வேண்டாமென்று சொல்ல வெட்கம். அங்கே யாரும் கூப்பிட மாட்டார்கள் என்ற நப்பாசையும் உண்டு. அதனால் அந்த வருஷமும் குண்டானைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

படகுக்காரர் எத்திராஜ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, உடம்புக்கு ஏதாவதா என்று ஜேக்கப்பிடம் விசாரித்தார். நம்மையெல்லாம் நீச்சலில் தோற்கடிக்கிறவள் அவள் என்று ஜேக்கப் பெருமையாகச் சொல்லிவிட்டான். அக்கரையில் சவுக்குக் கழி நட்டுத் தார்ப்பாயைக் கட்டியதும் அவளுக்கு அதன் நிழலில் சாய்ந்தால் போதுமென்றிருந்தது. அவன் விடவில்லை. அன்றைக்கு நண்டு. மறுநாள் காலை வடக்கே நீண்ட நடை போய்வந்தார்கள். பகலில், கழிமுகத்தின் நடுவே தெரிந்த மணல்திட்டுவரை நீந்திவிட்டு வரலாம் என்றான். அவள் பாவாடைக்கு மேல் அவனுடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

போகும்போது சிரமம் இல்லை. திரும்புகிற நேரத்துக்கு நீர் வற்றத் தொடங்கிக் கடல் பக்கமாக இழுத்தது. பாதித் தூரத்தில் அவள் கைகள் நின்றுபோயின. வலியும் இல்லை, பயமும் இல்லை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. காதுக்குள் எந்தக் குரலும் இல்லை. எண்ணூரில் புதிதாக எழும்பியிருந்த அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தூரத்தில் மெல்ல நகர்வது போலத் தெரிந்தது. நகர்வது தான்தான் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்தும் கை எழவில்லை.

முன்னால் போயிருந்த ஜேக்கப் திரும்பிப் பார்த்துவிட்டுப் பதறி வந்தான். மல்லாந்து படு என்று கத்தியபடி சட்டைக் காலரைப் பற்றிக்கொண்டு, இழுப்போடு சண்டை போடாமல் குறுக்காகவே நீந்தினான். கூடாரத்திலிருந்து வெகுதூரம் தள்ளிக் கரை கிடைத்தது. இரண்டு பேரும் மணலில் விழுந்து மூச்சு வாங்கினார்கள்.

"இன்னாமே, கால் கீல் புடிச்சிக்கிச்சா?"

"புடிக்கல. அலுத்துப் போச்சுய்யா. நடுத் தண்ணில அப்டியே வுட்டா தூங்கிடலாம்னு இருந்திச்சு."

அவன் எழுந்து உட்கார்ந்தான். எவ்வளவு காலமாக இப்படி என்று கேட்டான். ஷெட்டில் சேர்ந்த நாளிலிருந்து என்றாள்.

"இங்க வந்தா யாரும் கூப்ட மாட்டாங்க, ஒரு பொழுது தூங்கலாம்னுதான் நா வர்றதே. நீ நண்டுன்ற, திட்டுன்ற. எப்டி சொல்றது?"

ஜேக்கப் தன் முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டான். பிறகு, "உனுக்கு இதான் சந்தோசம்னு நா ஓடிக்கினு கீறேன். எனுக்கும் முட்டி போயி ரெண்டு வருசம் ஆவுது," என்றான்.

அவள் அதைக் கேட்டாளா என்று தெரியவில்லை. ஈரச் சட்டையோடு, மணலில் கன்னம் பதிய, அப்படியே உறங்கிவிட்டாள். கூடாரத்துக்குத் தூக்கிப் போக அவனிடம் தெம்பில்லை, எழுப்பவும் மனமில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இரண்டு கையாலும் அவள் முகத்துக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டான். கை கடுத்தபோது மாற்றிப் பிடித்தான். வெயில் சாய்ந்ததும் அழைத்துப்போக வந்த எத்திராஜ் கரையோரமாகத் தேடிக்கொண்டு வந்து குரல் கொடுத்தார். ஜேக்கப் உதட்டில் விரலை வைத்துக் காட்டினான். அவரும் துடுப்பைச் சத்தமில்லாமல் படகுக்குள் வைத்துவிட்டு, பீடி பற்றவைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அதற்குப் பிறகும் சில வருஷங்கள் போனார்கள். போய்ச் சேர்ந்ததும் அவன் தார்ப்பாயைக் கட்டிப் பாயை விரிப்பான், அவள் படுத்துவிடுவாள். கரையோரமாகக் கொஞ்சதூரம் மட்டும் நடந்து, கிடைத்த நண்டோடு திரும்பி அவனே குழம்பு வைப்பான். அப்படி அங்கே என்னதான் பார்த்துவிட்டு வருகிறாய் என்று சந்துப் பெண்கள் கேட்டால் அவள் சிரித்து மழுப்புவாள். திங்கட்கிழமை விடியும் முன்னே ஐஸ் தண்ணீரில் கைவைக்கும்போது பழைய அலுப்பு விரல் வழியாக மறுபடி ஏறிக்கொள்ளும். இரண்டு நாள் உறக்கத்தில் தீர்கிற அலுப்பில்லை அது. ஆனால் அதை ஒளித்துவைக்கிற வேலை ஒன்று அவளுக்குக் குறைந்திருந்தது.