அவர் நீட்டிய இரண்டு விரல்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தபோது, உறுவையாறு ஊரில் எங்கள் வீட்டை ஒட்டிய மெக்கானிக் கொட்டகையில் நான்கைந்து வண்டிகள் நின்றன. மற்றவர்கள் வந்து தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அபிஷேகப்பாக்கத்துப் பால்காரர் மட்டும் போகவில்லை. அவர் பைக்கின் இன்ஜின் பிரித்துப் போட்டபடி கிடந்தது. அண்ணனே எழுந்து வந்து மாட்டட்டும் என்று சொல்லிவிட்டு, சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு ஒன்றரை மாதம் ஓட்டினார்.

என் கணவர் எழவில்லை. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு போய், 'ஆ' என்கிற ஒரு சத்தம்தான் மிச்சம். இடது கை மட்டும் அசைந்தது.

நானே மாட்டிவிடுவதென்று முடிவு செய்தேன். பதினாறு வருடம் அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள். ஒரு காலையில் அவரைக் கொட்டகைக்குக் கூட்டிவந்து, முதுகுக்குத் தலையணை வைத்து நாற்காலியில் உட்காரவைத்தேன். பால்காரரும் வந்திருந்தார்.

வால்வுகளை இயக்கும் கேம் செயின் ஓடுகிற மேல் பல்சக்கரம் தேய்ந்திருந்தது. டப்பாவில் புதுசு இரண்டு கிடந்தன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. கீழ்ச் சக்கரத்தில் பதினான்கு பல் என்றால் மேலே சரியாக அதில் இரட்டிப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வால்வு திறக்கிற நேரம் தாறுமாறாகிவிடும். ஒரு பல்லில் மை வைத்து எண்ணினேன். ஒன்றில் இருபத்தெட்டு, மற்றதில் முப்பத்திரண்டு. இருபத்தெட்டை அவர் முன்னால் நீட்டினேன். தலையை ஆட்டினார். நோய் வந்த பிறகு அவர் முகம் மலர்ந்தது அன்றுதான்.

மேக்னெட் சக்கரத்தைத் திருப்பி அதிலுள்ள குறியை இன்ஜின் உடம்பிலுள்ள கோட்டுக்கு நேராக நிறுத்தினேன். பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது. பல்சக்கரத்தின் புள்ளியை இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டில் இருந்த வெட்டுக்கு நேராக வைத்துச் செயினை மாட்டினேன். போல்ட்டை முடுக்கி, செயினின் தொய்வை இழுக்கிற டென்ஷனரையும் போட்டேன். மூடியைப் போடப் போனபோது அவர் 'ஆ' என்றார். இடது கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினார்.

இரண்டு விரல் என்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எதற்குக் காட்டுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். "ரெண்டுக்குப் போவணுமா?" என்றேன். தலையை இப்படியும் அப்படியும் வேகமாக ஆட்டினார். அவசரம் என்று நினைத்துவிட்டேன். நானும் பால்காரருமாகத் தூக்கிக்கொண்டு பின்பக்கக் கக்கூஸுக்குப் போனோம். அவர் லுங்கியை இடது கையால் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"அவுருங்க. துணியிலியே போயிட்டா யாரு தொவைக்கிறது?" என்று அதட்டினேன்.

பால்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். என் கணவர் பிடியை விட்டார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தும் ஒன்றும் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. வியாதி அழவைக்கிறது என்று நானே முடிவு கட்டி, முகத்தைத் துடைத்துக் கட்டிலில் படுக்கவைத்தேன்.

திரும்பி வந்து மூடியைப் போட்டுக் கிக்கரை உதைத்தபோது, இன்ஜின் இருமியது, ஓடவில்லை. "நாளைக்குப் பாக்கலாம்க்கா" என்று பால்காரர் சைக்கிளை எடுத்தார்.

மறுநாள் அரிசி களையும்போதுதான் உறைத்தது. டைமிங் வைத்து முடித்ததும் அவர் இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, குறிகளை மறுபடி பார்ப்பார். தொய்வு இறுகும்போது செயின் ஒரு பல் தள்ளி உட்கார்ந்துவிடும். ஓடிப்போய் மூடியைத் திறந்து இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தேன். ஒரு பல் தள்ளியிருந்தது. சரிசெய்து உதைத்தேன். ஒரே உதையில் பிடித்துக்கொண்டது.

இன்ஜினை அணைக்காமல் உள்ளே ஓடினேன். "ரெண்டு சுத்து சுத்திப் பாக்கச் சொன்னீங்களா?"

என்னைப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்கப்புறம் அவர் கொட்டகைக்கு வர இணங்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் அந்தக் கையைத் தூக்கவில்லை. நானாகத்தான் ஊகித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஐந்து மாதம் இருந்தார். புரட்டாசியில் பக்கவாதம் இன்னொரு முறை வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பவில்லை.

அந்த ஐந்து மாதமும் சோறு ஊட்டும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். வாயைத் திறந்து வாங்கினார், மென்றார், விழுங்கினார். ஒரு நாளும் என் முகத்தைப் பார்க்கவில்லை.