ஆர்லன் சாத்திய கதவு

நாற்பது வருடமாகக் கதவு சாத்தியே பழகியவர் ஆர்லன். கனடாவில் எங்கள் சஸ்காச்சுவான் மாநிலக் குளிரில் அவர் வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் உடனே ஒரு குரல் வரும்: “சாத்து, சாத்து! ஊருக்கே சேர்த்தா அடுப்பு எரிக்கிறோம்?”

மறதி நோய் வந்தபின் பேரப்பிள்ளைகளின் பெயர் போனது. சட்டைப் பொத்தான் போடுவது போனது. மிஞ்சியது கொல்லையில் இருந்த பசுமைக்குடில்தான். இடித்த வீடுகளின் பழைய ஜன்னல்களை வைத்து அவரே கட்டியது. பிப்ரவரியில் வீட்டுக்குள் விதைத்து, ஏப்ரலில் குடிலுக்கு மாற்றினால்தான் எங்கள் நூறு நாள் கோடையில் தக்காளி சிவக்கும். விரல்கள் நாற்றைத் தொடும்போது மட்டும் அவர் பழைய ஆர்லன்.

மனைவி வெர்னா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். முதியோர் காப்பகத்தில் ஓர் இடம் காலியாகியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“ஒரு காலைப்பொழுது தனியா விட்டுப் பாக்கறேன். குடிலைப் பாத்துக்க முடிஞ்சா, காப்பகம் வேணாம்னு சொல்லிடுவேன்,” என்றார் என்னிடம். பக்கத்து வீட்டுக்காரனான நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் இன்றும் உறுத்துகிறது.

அந்த ஏப்ரல் வியாழக்கிழமை மைனஸ் பதினான்கு டிகிரி. மேகமூட்டம். வெர்னா குடில் கதவில் சீட்டு ஒட்டினார்: ‘வெயில் வந்தால் திற.’

“நான் கட்டினதுக்கு எனக்கே பாடமா?” என்று சிரித்தாராம் ஆர்லன்.

“சிரிக்காதே. திரும்பச் சொல்லு.”

“வெயில் வந்தா திற. போதுமா, டீச்சரம்மா?”

பத்து மணிக்கு, நகரத்து நீச்சல்குளத்தில் வெர்னா பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது மேகம் கலைந்தது. முகத்தில் வெயில் சுள்ளென்று பட்டது. வெளியே எத்தனை உறைந்தாலும், மூடிய கண்ணாடிக்குள் அந்த வெயில் ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் அவித்துவிடும். உடனே போன் செய்தார்.

“ஆர்லன், கதவைத் தொறந்தியா?”

“மைனஸ் பதினாலு, வெர்னா! எந்த முட்டாள் தொறப்பான்?”

“சீட்டைப் படி!”

“எவனோ கிறுக்கி வச்சிருந்தான். கிழிச்சுட்டேன்.”

“கெஞ்சிக் கேக்கறேன், தொற.”

“நீ பயப்படாதே. நானே உள்ள போய் உக்காந்து பாத்துக்கறேன்.”

அதற்குப் பிறகு அவர் எடுக்கவேயில்லை.

அடுத்து வெர்னா எனக்கு அழைத்திருக்கிறார். நான் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்து கிடந்தேன். போன் கோட்டுப் பையில். முக்கால் மணி கழித்துத்தான் பார்த்தேன். பேருந்தை இன்னொரு ஓட்டுநரிடம் விட்டுவிட்டு அவரும் ஓடிவர, இருவரும் ஏறக்குறைய ஒன்றாகவே போய்ச் சேர்ந்தோம்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கண்ணாடியெல்லாம் வியர்த்திருந்தது. ஒரு கண்ணாடியை உடைத்து, கையை நுழைத்துத் தாழைத் திறந்தேன். சூடு முகத்தில் அறைந்தது. நாற்றுகள் வெந்த கீரையாகத் தட்டுகளில் சரிந்து கிடந்தன. நடுவே கவிழ்த்த வாளியில் ஆர்லன், முகம் செக்கச்செவேலென்று, தலை நனைந்து. தன் குளிர்கோட்டைக் கழற்றி ஒரு தட்டின் மேல் போர்த்தியிருந்தார்.

“பாரு வெர்னா, ஒண்ணுகூட உறையல,” என்றார்.

வெர்னா மண்டியிட்டு, அவர் நெற்றியைத் தன் கையால் துடைத்தார். “ஆமா ஆர்லன். ஒண்ணுகூட உறையல.”

கைத்தாங்கலாக வீட்டுக்குள் அழைத்துப் போனோம். நான் தண்ணீர் கொடுத்தேன். இரண்டு மிடறு குடித்துவிட்டு அவர் கேட்டார்: “குடில் கதவைச் சாத்தினியா?”

சமையலறை ஜன்னலில் தெரிந்தது: குடில் கதவு அகலத் திறந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

“சாத்திட்டேன்,” என்றார் வெர்னா. பிறகு போனை எடுத்துக் காப்பகத்தின் எண்ணை அழுத்தினார்.