அப்பிளும் மூன்று வேண்டாமும்

என் மகள் பள்ளிக்கூடத்தில் முதன்முதலாகக் கை உயர்த்திய அன்று, அவளுடைய வகுப்பாசிரியை எனக்குத் தொலைபேசி எடுத்தார். குரலைக் கேட்டதும் பிள்ளை விழுந்து பல்லை உடைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். நான் பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறேன். எந்தத் தொலைபேசி வந்தாலும் என் புத்தி முதலில் பல்லுக்குத்தான் போகும்.

நாள் முழுக்க மற்றவர்களின் வாயைத் திறக்க வைத்துச் சம்பளம் வாங்குகிறேன். சொந்தப் பிள்ளையின் வாயை வகுப்பில் திறக்க வைக்க நாலு வருடமாக என்னால் முடியவில்லை. வீட்டில் அவள் வாய் ஓயாது. பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் ஊமை. எழுத்தில் எல்லாம் சரி, வாய்திறந்து பங்கெடுப்பதுதான் இல்லை என்று ஒவ்வொரு அறிக்கையிலும் வரும். இங்கே ஜெர்மனியில் நாலாம் வகுப்பு முடியப் பிள்ளைகளைப் பிரித்து வெவ்வேறு பள்ளிக்கூடங்களுக்கு அனுப்புவார்கள், ஆசிரியையின் சொல்லுக்கு அதில் எடை உண்டு. என் கணவர் பஸ் ஓட்டுகிறார். அவர் இதையெல்லாம் பெரிதாக எடுப்பதில்லை. எனக்கு நெஞ்சில் கல் இருந்தது.

ஆசிரியை விஷயத்தைச் சொன்னார். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் பள்ளிக்கூடத்தில் 'எங்கள் ஊர் அப்பிள்' விழா நடக்கும். பிள்ளைகள் அப்பிளைக் கழுவி, வெட்டி, பிழிந்து சாறெடுப்பார்கள். ஹனோவருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சின்ன ஊரில் அது ஒரு பெரிய விஷயம். அந்த வருடம் வசந்தத்தில் பிந்தி வந்த பனி பூவையெல்லாம் கருக்கிவிட்டது. மரங்களில் இலையைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆகவே அப்பிளைக் கடையில் வாங்குவது என்று முடிவெடுத்திருந்தார்கள். அப்பிள் இத்தாலியிலிருந்து வரும். விழாவின் பெயரை மாற்றத் தேவையில்லை, பதாகை ஏற்கெனவே இருக்கிறது.

இதை வகுப்பில் அறிவித்தபோதுதான் என் மகள் கையை உயர்த்தியிருக்கிறாள். உடற்பயிற்சி மண்டபத்துக்குப் பின்னால், மதிலுக்கு அந்தப் பக்கம், மதில் மறைவில் பனிக்குத் தப்பிய இரண்டு மரம் இருக்கிறது, நிறையக் காய்த்திருக்கிறது, தன் அம்மா போய்க் கேட்டு வாங்கித் தருவா என்று சொல்லியிருக்கிறாள். ஆசிரியைக்குச் சந்தோஷத்தில் குரல் நடுங்கியது. பிறகு கொஞ்சம் தயங்கி, அந்த வீட்டுக்காரருக்குப் பெற்றோர் குழு ஏற்கெனவே மின்னஞ்சல் அனுப்பிவிட்டது, அவர் மறுத்துவிட்டார் என்றார்.

என்ன எழுதினார் என்று கேட்டேன். வேண்டாம், முடியாது என்ற அர்த்தத்தில் 'நைன்' என்று எழுதினாராம். வேறொன்றும் இல்லையா என்றேன். வேறொன்றும் இல்லை.

எனக்கு மூச்சு வந்தது. ஒரே ஒரு 'வேண்டாம்'தானே.

எங்கள் ஆட்களின் வீட்டுக்கு ஒருவர் வந்தால் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்போம். அவர் வேண்டாம் என்பார். அது மரியாதைக்கு. இரண்டாம் தடவை கேட்போம். இப்பதான் குடித்துவிட்டு வந்தேன் என்பார். அது பழக்கத்துக்கு. மூன்றாம் தடவை கேட்காமலே கொண்டுவந்து வைப்போம், குடிப்பார். முதல் தடவையே ஓம் என்பவர் காணாததைக் கண்டவர். ஒரு தடவை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்துகிறவருக்குக் கொடுக்க மனமில்லை. இது யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காத சட்டம்.

ஜெர்மனியில் இந்தச் சட்டம் செல்லாது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, வைத்தியர் தன் பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுவந்தார். செரிப் பழம் வைத்த கேக். தட்டு என் முன்னால் வந்தபோது நன்றி, வேண்டாம் என்றேன். தட்டு அடுத்த ஆளிடம் போனது. திரும்பி வரவேயில்லை. ஆனாலும் பழகிய சட்டம் லேசில் விடாது.

பெற்றோர் குழுக் கூட்டத்துக்குப் போனேன். முதலாம் வகுப்புப் பிள்ளைகளின் கதிரைகளில், முழங்கால் நாடியில் முட்ட, எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். குழுத் தலைவி நல்ல பெண்மணி. ஒருவர் மறுத்தால் அந்த மறுப்பை நாங்கள் மதிக்க வேண்டும் என்றார். நான் மதிக்கிறேன், இன்னும் இரண்டு தடவை மதிக்கப் போகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கணவருக்கும் விருப்பமில்லை. மதில்காரர் என்று நாங்கள் வீட்டில் சொல்லும் அந்த மனிதர் பள்ளிக்கூடத்துச் சத்தத்தைப் பற்றி முறைப்பாடு கொடுத்தவர். மதிலைத் தாண்டி விழும் பந்துகளைத் திருப்பிக் கொடுக்காதவர். "இஞ்சரும், அந்த மனுசன் வேண்டாம் எண்டால் வேண்டாம்தான். நீர் ஏன் போய் வாங்கிக் கட்டுறீர்?" என்றார்.

மகள் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து நிமிரவில்லை. "நான் கை உயர்த்திச் சொல்லிட்டன்," என்றாள்.

கேட்டுத் தோற்றால் அந்தக் கை இனி உயராது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

முதல் தடவை தனியாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். இங்கே ஞாயிறு மத்தியானம் முன்கூட்டிச் சொல்லாமல் வீட்டு மணியை அடிப்பவர்கள் இரண்டு வகை: தீயணைப்புப் படையினர், மதம் பரப்ப வருபவர்கள். நான் நல்ல சட்டை போட்டு, கையில் பையோடு, சிரித்த முகமாக நின்றேன். கதவைத் திறந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தனக்கு ஏற்கெனவே ஒரு மதம் இருக்கிறது, நன்றி, வேண்டாம் என்று கதவைச் சாத்தினார். மணியை மறுபடி அடிக்க எனக்கே துணிவு வரவில்லை. இது கணக்கில் சேருமா என்று வழி முழுக்க யோசித்தேன். அப்பிளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வேண்டாம் என்றது உண்மை. சேர்த்துக்கொண்டேன். மின்னஞ்சலில் வந்த வேண்டாம் நேரில் சொன்னது இல்லை, அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன்.

இரண்டாம் தடவை வேலை முடிந்து மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு தட்டு நிறையக் கடலை வடை சுட்டுக்கொண்டு போனேன். இந்த முறை அப்பிள் என்ற சொல்லை மணியிலிருந்து கை எடுப்பதற்கு முன்னமே சொல்லிவிட்டேன். அவர் அமைதியாகக் கேட்டார். பிறகு பந்து, சத்தம், விசில் என்று வரிசையாகச் சொல்லி, ஆகவே வேண்டாம் என்று முடித்தார். வடையும் வேண்டாமாம். வடை வேண்டாம் என்பதை நான் காதில் வாங்கவில்லை. தட்டை வாசல் மதிலில் வைத்துவிட்டு, தட்டை எடுக்கப் பிறகு வாறன் என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு நடந்தேன். மூன்றாம் தடவை வருவதற்கு எனக்கு ஒரு நியாயம் வேண்டியிருந்தது.

"அம்மா, அவருக்கு உண்மையாவே விருப்பமில்லை," என்றாள் மகள்.

"பொறு பிள்ளை. இன்னும் ஒண்டு இருக்கு."

பொறு என்று சொன்னேனே தவிர, இரவு படுத்துக்கொண்டு வேண்டாம்களைத் திரும்பத் திரும்ப எண்ணினேன். பிள்ளையை நம்ப வைத்துவிட்டு, இந்த ஊரில் செல்லாத சட்டத்தை நம்பிக்கொண்டு நிற்கிறேனே என்று பயமாக இருந்தது.

மூன்றாம் தடவையும் மகளோடு போனபோது அவரே தட்டோடு வெளியே வந்தார். கழுவித் துடைத்து மினுக்கியிருந்தார். காரம், என்றார். அந்த ஒரு சொல்தான். சாப்பிட்டிருக்கிறார். தட்டை என்னிடம் நீட்டினார். தட்டில் ஒன்றும் இல்லை.

எங்கள் ஆட்கள் சாப்பாடு வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. சீனியாவது ஒரு பிடி போட்டுக் கொடுப்போம். இதை ஒரு ஜெர்மன்காரரிடம் எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை என்பதும் தெரியும். என் முகத்துக்குத்தான் அது தெரியவில்லை. மகள் என் முகத்தைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து, வெளி ஆட்களோடு பேசும் அந்தச் சின்னக் குரலில், அதில் ஏதாவது இருக்க வேண்டும் என்று சொன்னாள்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஒழுங்கு என்று ஒன்று இருந்தால் அதை ஏனென்று கேட்காத மனிதர். தோட்டத்துக்குப் போய் ஒரு அப்பிளைப் பிடுங்கிவந்து தட்டின் நடுவில் வைத்தார். தோல் முரடாக, மண்ணிறமாக, பார்க்க உருளைக்கிழங்கு போல இருந்தது.

பிறகு, நாங்கள் கேட்காமலே பேசினார். முந்தியெல்லாம் அவர்தான் விழாவுக்கு அப்பிள் கொடுத்தவராம். கைவண்டியோடு வருவார்களாம், ஏற்றுவார்களாம், பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போட்ட நன்றி அட்டை தபாலில் வருமாம். "சாறு பிழிகிற சத்தம் மதிலுக்கு இந்தப் பக்கம் கேட்கும்," என்றார். "ஒரு வருடமும் ஒருவரும் என்னை வா என்று சொல்லவில்லை."

பிற்பாடு இதைக் குழுத் தலைவியிடம் சொன்னபோது அவர் திகைத்துப் போனார். பள்ளிக்கூட வாசலில் விளம்பரம் ஒட்டியிருக்கிறோமே, எல்லோரும் வரலாம் என்று அதில் இருக்கிறதே என்றார். உண்மைதான், இருந்தது. ஆனால் எனக்கு இந்த நோயைத் தெரியும். எங்கள் குடும்பத்தில் பாதிப்பேருக்கு இருக்கிறது. கலியாண அழைப்பிதழ் தபாலில் வந்தது, நேரில் வந்து சொல்லவில்லை என்பதற்காக என் சித்தப்பா ஒருவர் தன் சொந்தத் தமையனோடு வருடக்கணக்காகப் பேசாமல் இருந்தவர். இந்த மனிதர் அவருக்குக் கூடப்பிறந்தவர் போல என் முன்னால் நின்றார்.

ஆகவே வாசலில் நின்றபடியே முறையாக அழைத்தேன். எனக்குத் தெரிந்த அழைப்பு ஒன்றுதான். அதை அப்படியே ஜெர்மனில் சொன்னேன். தாங்கள் குடும்ப சமேதராக வருகை தந்து எங்கள் அப்பிள் விழாவைச் சிறப்பித்துத் தர வேண்டும் என்றேன். அவர் தனக்குக் குடும்பம் இல்லை என்றார். அப்படியென்றால் நீங்கள் மட்டும் வந்து சிறப்பியுங்கள் என்றேன்.

யோசிப்பதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் கவனித்தேன், மகளும் கவனித்தாள். வாசலைத் தாண்டும்வரை பொறுத்திருந்து, பிறகு அந்த அப்பிளை மாறிமாறிக் கடித்தோம். புளி. பல்லுக் கூசியது.

அடுத்த நாள் அவர் பள்ளிக்கூடத்துக்கு நேரில் போய், வியாழன் நாலு மணிக்குக் கைவண்டி வரலாம் என்று நேரம் குறித்து ரெர்மின் கொடுத்திருக்கிறார்.

விழா அன்று முன்னுக்கு ஒரு கதிரை போட்டு, அதில் 'ஒதுக்கப்பட்டது' என்று தாள் ஒட்டினேன். மற்றவர்களுக்கெல்லாம் நீள வாங்குகள். வருகிறவருக்கு நடக்க ஏலாதா என்று குழுத் தலைவி அக்கறையோடு கேட்டார். நன்றாக நடப்பார், ஆனால் கோபத்தில் வெளியேயும் நடந்துவிடுவார் என்றேன். மதில்காரர் சொன்ன நேரத்துக்குக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து, அந்தக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அதிபர் மைக்கைப் பிடித்தார். வெயிலுக்கு நன்றி சொன்னார். கேக் சுட்ட தாய்மாருக்கு நன்றி. இயந்திரம் தந்த தோட்டச் சங்கத்துக்கு நன்றி. பனியைப் பற்றி, தேனீயைப் பற்றி, இந்த மண்ணில் விளைவதை உண்பதைப் பற்றி நிறையச் சொன்னார். மதில்காரரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, மறந்துவிட்டார். நான் மதில்காரரின் முகத்தைப் பார்த்தேன். கைகள் முழங்காலில் இருந்தன. சாப்பிடாமல் எழும்பிப் போகிறவரின் முகம் அது. எத்தனை கலியாணவீடுகளில் பார்த்திருக்கிறேன்.

அப்போது நாலாம் வகுப்பு வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

வகுப்பு இல்லை அது. திறந்த முற்றம், ஊரே நிற்கிறது, அதிபர் பேசிக்கொண்டிருக்கிறார். யாரும் கேள்வி கேட்கவில்லை. நாலு வருடமாக அந்தக் கை உயர வேண்டும் என்று தவமிருந்த நான், இப்போது கையைக் கீழே போடு என்று தூரத்திலிருந்து கண்ணைக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. அதிபர் தேனீயிலிருந்து மண்புழுவுக்குப் போனார். கை அப்படியே நின்றது. சோர்ந்தபோது மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். கடைசியில் அதிபர் நிறுத்திவிட்டு, என்ன பிள்ளை என்று கேட்டார்.

"நீங்கள் அப்பிள் தந்தவரை மறந்துவிட்டீர்கள்," என்றாள் மகள். மைக் இல்லாமலே எனக்குக் கேட்டது. "அவர் வந்திருக்கிறார்."

அதிபர் காதுவரை சிவந்து, மன்னிப்புக் கேட்டு, அவருடைய பெயரைக் கேட்டுச் சொல்லி வரவேற்றார். எல்லோரும் கை தட்டினார்கள். மதில்காரர் எழுந்து நின்றார். எப்போது உட்காருவது என்று தெரியாமல் பேச்சு முடியும்வரை நின்றுகொண்டேயிருந்தார். என் பிள்ளையை நினைத்துப் பெருமையில் எனக்கு அழுகை வந்தது, அதை நான் மறைக்கவும் இல்லை.

கைதட்டல் ஓயவும் அவள் கூட்டத்துக்குள்ளால் என்னிடம் ஓடி வந்தாள். முகம் ஜொலித்தது. அதிபர் மைக்கை இன்னும் கீழே வைக்கவில்லை.

"அம்மா, அவையள் உங்கட பேரையும் சொல்லேல்லை. நீங்கள்தானே மூண்டு தரம் போனனீங்கள். நான் திரும்பக் கை உயர்த்தட்டோ?"

"சீச்சீ, எனக்கு வேண்டாம் பிள்ளை," என்றேன்.

"ஓகே," என்று சொல்லிவிட்டு அவள் சாறு குடிக்கப் போய்விட்டாள்.

இன்னொரு தரம் வந்து கேட்பாள் என்று நான் அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.