வேல்ஸ் மலைக்குப் போன தூக்குப்போசி

ஏற்காட்டு மலையில், நாகலூர்ப் பள்ளிக்கூடத்தில் வேலம்மாள் டீச்சர் வாயைத் திறந்தால், எதிர்மலையில் மிளகு பறிக்கிறவர்கள் ஏணியில் நின்றபடியே வாய்ப்பாடு ஒப்பிப்பார்கள். அப்படியொரு குரல். மாரமங்கலத்தில் பிறந்து, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே நடந்து போய்ப் படித்து, டீச்சராகி, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் சுப்பிரமணிக்கு வாழ்க்கைப்பட்டு நாகலூருக்கு வந்தவள். அவளிடம் ‘அ’ எழுதிப் பழகாத பிள்ளை அந்த ஊரில் கிடையாது. காக்கைகளே பாதி அரிச்சுவடி பழகிவிட்டதாகக் கேள்வி.

அந்தப் பள்ளிக்கு வருஷா வருஷம் ஒரு தொண்டு நிறுவனம் வெளிநாட்டு இளவட்டங்களை அனுப்பி வைக்கும். வருவார்கள், இங்கிலீஷ் பாட்டுச் சொல்லிக் கொடுப்பார்கள், பலாப்பழத்தை ஒரு கை பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள், கடைசி நாளன்று அழுதுகொண்டே பஸ் ஏறுவார்கள். ஒரு வருஷம், அவர்களைக் கூட்டிவந்த மேலாளரிடம் வேலம்மாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

“ஏனுங்க, எப்பப் பார்த்தாலும் நீங்களே வந்து சொல்லிக் குடுக்கறீங்களே, எங்ககிட்டக் கத்துக்கறதுக்கு உங்க ஊர்ல ஒருத்தருக்கும் ஒண்ணுமே இல்லீங்களா?”

மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். அடுத்த வருஷம் அவளுக்கு விமான டிக்கெட் வந்து நின்றது. வேல்ஸ் நாட்டில் ஒரு மலைக்கிராமம். அங்குள்ள சின்னப் பள்ளியில் ஆறு வாரம் வருகை ஆசிரியை. காலையில் சிறுவர் வகுப்பில் உதவ வேண்டும். புதன்கிழமை சாயங்காலம், விருப்பமுள்ள பிள்ளைகளுக்கு ‘எங்கள் மலை வாழ்க்கை’ என்று தனி வகுப்பு எடுக்க வேண்டும்.

“அக்கா, அங்க நொம்பக் குளுராமா. மூக்கு ஒறஞ்சு கீழ விழுந்தா மறக்காமப் பொறுக்கிப் பையில போட்டுக்கங்க,” என்றாள் உடன் வேலை பார்க்கும் சசிகலா.

“எம் மூக்கு ஏற்காட்டு மார்கழியப் பார்த்த மூக்கு. நீ பதனமா உன் வாயப் பார்த்துக்க கண்ணு.”

போய் இறங்கினாள். அந்த ஊர்ப் பெயர் எவ்வளவு நீளமென்றால், கண்டக்டர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் அடுத்த ஊருக்குப் போய்விடும். இதெல்லாம் ஆகிற கதையா என்று வேலம்மாள் அதற்கு ‘மேல்நாகலூர்’ என்று பேர் வைத்துக்கொண்டாள். மழை, மேடு, பனிமூட்டம் எல்லாம் நம்மூர் மாதிரிதான். காப்பிச் செடிக்குப் பதில் செம்மறியாடு.

முதல் புதன்கிழமை வகுப்புக்கு இரண்டே பிள்ளைகள் வந்தார்கள். அதிலும் ஒன்று, மழைக்கு ஒதுங்கின பிள்ளை.

“உங்க ஊர்ல யானை மேலதான் பள்ளிக்கூடம் போவீங்களா?” என்று அது கேட்டது.

“யானை எதுக்குங்க? எங்கூர்ல காட்டுமாடுதான். எங்களுக்கு முன்னாடியே பஸ் ஸ்டாப்புல வந்து நின்னுக்கும். ஒரு நாள் சீட்டுப் புடிச்சு ஜன்னலோரமா உக்காந்துக்கிச்சு, எந்திரின்னு சொல்ல கண்டக்டருக்குத் தைரியம் வரலியே!”

அவள் பேசியது இங்கிலீஷ்தான். ஆனால் அவளுடைய இங்கிலீஷிலும் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ங்க’ தொங்கும். “யெஸ்ஸுங்க, தேங்க்யூங்க” என்பாள். இரண்டு பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து என்ன? தலைமையாசிரியர் ரீஸ் கதவோரம் வந்து தொண்டையைச் செருமினார்.

“பத்துப் பேராவது வராத வகுப்பை நாங்கள் நடத்துவதில்லை, அம்மா. அடுத்த புதன் பார்ப்போம். இல்லையென்றால், நூலகத்தில் தூசு தட்டப் பெரிய உதவியாக இருக்கும்.”

வேலம்மாளுக்குச் சுருக்கென்றது. அந்த மேலாளரிடம் அத்தனை வீறாப்பாகக் கேட்டுவிட்டு, ஏழு கடல் தாண்டி வந்து, தூசு தட்டிவிட்டு வந்தேன் என்று நாகலூரில் எந்த முகத்தோடு சொல்வது?

இதற்கிடையில் இன்னொரு சங்கதி. பக்கத்து வீட்டில் இருந்தவள் க்வென். பள்ளிக்கூடச் சமையலறை அவள் பொறுப்பு. அவள் சொன்னால் ஊர் கேட்கும். வந்த மறுநாளே வேலம்மாள், ஊரிலிருந்து மூட்டை கட்டி எடுத்துவந்த ராகி மாவை வறுத்து, வெல்லமும் எள்ளும் சேர்த்து உருண்டை பிடித்து, கையோடு கொண்டு வந்திருந்த எவர்சில்வர் தூக்குப்போசி நிறைய அவளிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். வகுப்புக்கு இரண்டு பிள்ளை வந்த அன்றைக்கே அந்தப் போசி வாசற்படிக்குத் திரும்பியிருந்தது.

மூடியைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. துடைத்துத் தேய்த்து, கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. அவள் முகம்தான் உள்ளிருந்து அவளைப் பார்த்தது.

நம் பக்கத்தில் பண்டம் வந்த பாத்திரத்தை யாராவது வெறுமனே திருப்புவார்களா? ஒரு காய், ஒரு பழம், ஒன்றும் இல்லாத வீடானால் ஒரு சிட்டிகைச் சர்க்கரை. வெறும் பாத்திரம் வந்தால், உன் உறவே வேண்டாம் என்று அர்த்தம். ஊர் முடிவு பண்ணிவிட்டது, அதுதான் பிள்ளைகளும் வரவில்லை என்று வேலம்மாள் இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். வீட்டுக்குப் போன் பண்ணினாள்.

“ஏனுங்க, போசிய வெறுமனே அனுப்பிச்சுப் போட்டாளுங்க.”

“இதுக்கா புள்ள அழுவற? பொட்டியக் கட்டு, ஊட்டுக்கு வந்துரு,” என்றார் சுப்பிரமணி.

அவர் பக்கத்தில் இருந்த சசிகலா போனைப் பிடுங்கினாள். “அக்கா, அவ ஊட்டுல பச்சத்தண்ணி தொடாதீங்க! என்ன கொறச்சல்னு மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்த கேட்டுப்போட்டு வாங்க.”

மூஞ்சிக்கு நேரே கேட்கிற யோசனை வேலம்மாளுக்குப் பிடித்தது. மூக்கைச் சிந்திவிட்டு, போசியோடு போய்க் க்வென் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“இதுல என்ன கொறச்சல் கண்டீங்க?”

க்வெனுக்கு முகம் வெளுத்துவிட்டது. போசியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “கீறல் விழுந்துட்டுதா? மூணு தடவை தேய்ச்சேனே! அடுத்தவங்க பாத்திரத்துல சாப்பாட்டு வாசனைகூட இல்லாம திருப்பித் தரணும்னு எங்கம்மா சொல்லுவாங்க. அதுதானே மரியாதை?”

வேலம்மாளின் குரல் பாதியாக இறங்கிவிட்டது. நாகலூர்ச் சரித்திரத்தில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

“மரியாதைங்களா? எங்கூர்ல வெறும் பாத்திரம் வந்தா, மூணு தலைமொறைக்குப் பேச்சு நின்னு போகுங்க!”

“அய்யோ! அப்போ என்ன போடணும்?”

“ஒரு சிட்டிகச் சக்கர போதுங்க.”

சிட்டிகையாவது! க்வென் ரோஷக்காரி. அங்கேயே இரும்புக்கல்லைப் போட்டு, காய்ந்த திராட்சை சேர்த்த தட்டை ரொட்டிகளாகச் சுட்டுத் தள்ளினாள். நம் இனிப்பு அடைக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருந்தன. போசி நிரம்பி வழியவே, மிச்சத்தை ஒரு தகர டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். வேலம்மாள் டப்பாவைப் பார்த்தாள். இது இப்போது அவர்கள் பாத்திரம். வெறுமனே திருப்ப முடியுமா?

டப்பா மறுநாளே உருண்டையோடு போயிற்று. க்வென் சமையலறையில் சொல்ல, சமையலறை ஊரெல்லாம் சொல்ல, பிடித்தது வினை. என்னதான் திரும்பி வருகிறது பார்ப்போம் என்று ஆளாளுக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். ஜாம் ஜாடி, பால்குவளை, கேக் தட்டு எல்லாம் வந்தன. ஒரு ஆட்டுக்காரர் உருளைக்கிழங்கை வாளியில் கொண்டுவந்து வைத்தார். இன்னொருவர் அவசரத்துக்குப் பாத்திரம் கிடைக்காமல் தொப்பியில் முட்டை கொண்டுவந்தார். திங்கட்கிழமைக்குள் வேலம்மாள் படுக்க இடமில்லாமல் பாத்திரங்களுக்கு நடுவே நின்றுகொண்டே தூங்கினாள். ராகி மாவு இன்னும் இருந்தது, கைதான் ஓய்ந்துவிட்டது.

உடனே க்வெனைக் கூப்பிட்டு ஊருக்குச் சேதி சொன்னாள்: “பாத்திரம் வேணும்கறவங்க புதன்கிழம பிள்ளைகளோட பள்ளிக்கூடச் சமையலறைக்கு வந்து, நீங்களே உருண்ட புடிச்சு நெரப்பிக்கிட்டுப் போங்க!”

புதன் சாயங்காலம் ரீஸ் தலை எண்ண வந்தார். கதவைத் திறந்தவரால் உள்ளே போக முடியவில்லை. ஜன்னல் திட்டிலும் பிள்ளைகள். ஒருபக்கம் மாவு வறுபட்டது. ஒருபக்கம் பிள்ளைகள் சிந்திய மாவிலேயே கோலம் இழுத்தார்கள். நடுவில் நின்று வேலம்மாள், காட்டுமாடு டிக்கெட் எடுக்காமல் சேலம் வரை போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மலைக்கு அந்தப் பக்கம் ஆடுகள் மேய்ச்சலை விட்டுத் தலைதூக்கிக் கேட்டன.

“சார், வெறுங்கையோட வந்தீங்களாங்க?” என்று ஒரு சின்னப் பெண் உரக்கக் கேட்டாள்.

அறையே திரும்பிப் பார்த்தது. ரீஸ் காது சிவந்துபோய், தன் அறைக்கு ஓடித் தேநீர்க் குவளையை எடுத்து வந்தார். உள்ளே இரண்டே இரண்டு சர்க்கரைக் கட்டிகள்.

“இது போதுமாம்மா?”

“தாராளமாப் போதுங்க சார்.” வேலம்மாள் கட்டிகளை எடுத்துக்கொண்டு, குவளை நிறைய உருண்டைகளை அடுக்கிக் கொடுத்தாள். “அப்பறமுங்க, அந்த நூலகத் தூசி?”

“எந்தத் தூசி?” என்றார் ரீஸ், வாயில் உருண்டையோடு. பிறகு குவளையைக் கவலையோடு பார்த்துவிட்டுக் க்வென் பக்கம் குனிந்தார். “இப்போது இதைத் திருப்பித் தரும்போது நான் என்ன செய்து போடுவது?”

“உனக்கு வெந்நீரே வைக்கத் தெரியாது,” என்றாள், சின்ன வயதிலிருந்தே அவரை அறிந்த க்வென். “அடுத்த புதன்கிழமை வா. டீச்சர் சொல்லிக் கொடுப்பாங்க.”

அடுத்த புதன்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் தலைமையாசிரியர், கையைக் கழுவிக்கொண்டு.