கொலுவுக்குப் பக்கத்தில் தோட்டா பிரஸ்

கிரிஜாவின் புருஷன் மணிவாசகத்துக்கு ‘முடியாது’ என்று சொல்ல வாய் வராது. மாண்ட்ரியலில் அப்போது இருந்த தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்; அத்தனை வீட்டு ரேடியோவும் தையல் மெஷினும் கோட்-டெ-நெய்ஜில் இவர்கள் சாப்பாட்டு மேஜைக்கு வந்துதான் உயிர் பிழைக்கும். மனிதர் புவாண்ட்-கிளேரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். பகலெல்லாம் அங்கே மெஷினோடு மல்லுக்கட்டுவது போதாதென்று, வீட்டுக்கு வந்தும் ஸ்பேனரைத் தூக்கிவிடுவார்.

1970 அக்டோபர் தொடக்கத்தில் கீழ் வீட்டு மார்செல் ஒரு கனத்த இரும்புச் சாமானைச் சுமந்துகொண்டு படியேறி வந்தான். பிரெஞ்சுக்காரன், பஸ் டிரைவர். வழியில் பார்த்தால் ‘போன்ஜூர் மதாம்’ என்பான். கிரிஜாவுக்கு அவனோடு பழக்கம் அவ்வளவுதான்.

“என்னங்க இது, சேவை நாழி மாதிரி இருக்கு?”

“ம்... அழுத்துற மெஷின்தான்” என்றார், தலையைத் தூக்காமல்.

கைப்பிடியை இழுத்தால் நடுத்தண்டு பாதி ஏறி அங்கேயே மாட்டிக்கொண்டது. பல வருஷத்துக் கரியும் காய்ந்த கிரீஸும் அதில் அப்பிக் கிடந்தன. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தார். கைப்பிடியைத் தாங்குகிற இரும்புப் பின் ஒருபக்கமாகத் தேய்ந்து ஆடியது. அதைத் தொழிற்சாலை லேத்தில் புதிதாகக் கடைந்தால்தான் ஆகும் என்றார். கொலு வைக்கிற மும்முரத்தில் கிரிஜா அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

சரஸ்வதி பூஜை வந்தது. கொலுவுக்குப் பக்கத்தில் புத்தகங்களை அடுக்கி, இவருடைய ஸ்பேனர், ரம்பம், சுத்தியலை எல்லாம் வரிசையாக வைத்தாள். மேஜையில் இருக்கிற மெஷினை மட்டும் எப்படி விடுவது? அதையும் தூக்கி வந்து வைத்து, தன் கையாலேயே சந்தனம் பூசி, குங்குமம் இட்டு, கற்பூரமும் காட்டினாள். சாயங்காலம் சுண்டலுக்கு வந்த புரொபசர் சந்திரமௌலி கிண்ணத்தோடு குனிந்து பார்த்தார்.

“என்ன மணி, வேட்டைக்குக் கிளம்பிட்டீங்களா? இது தோட்டா பண்ற பிரஸ் ஆச்சே!”

கிரிஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோட்டாவா! பாட்டுப் பாட வாயைத் திறந்த அனுசூயா மாமி திறந்த வாயோடு உட்கார்ந்திருந்தாள்.

வந்தவர்கள் போனதும் பிடித்துக்கொண்டாள். “என்னங்க இது அநியாயம்! தெரிஞ்சேதான் என்கிட்ட மறைச்சீங்களா?”

“மார்செல் வேட்டைக்குப் போறவன், கிரிஜா. சுட்ட பித்தளைக் கூட்டைப் பொறுக்கிட்டு வந்து, வீட்டுலயே மறுபடி நிரப்பிக்குவான். இங்கே நிறைய பேர் பண்றதுதான். உன்கிட்ட சொன்னா வீட்டுக்குள்ள விடுவியா?”

“இப்பவே கொண்டுபோய்க் குடுங்க.”

“பூஜையில வச்சதை இன்னைக்கு எப்படி எடுக்கறது? அதோட, பின் இல்லாம குடுத்தா அது வெறும் இரும்புக் கட்டைதான்.”

இந்த ஊரில் அது எப்பேர்ப்பட்ட வாரம் என்று மனிதருக்கு உறைத்ததோ இல்லையோ! கியூபெக் தனிநாடு கேட்கிற கும்பல் ஒரு வெளிநாட்டு அதிகாரியைக் கடத்தி வைத்திருந்தது. மறுநாள் ஒரு மந்திரியையும் கடத்திவிட்டார்கள். அடுத்த வாரமே தெருவில் ராணுவ லாரிகள் நின்றன. வாரண்டே வேண்டாம், யாரை வேண்டுமானாலும் பிடிக்கலாம், எந்த வீட்டில் வேண்டுமானாலும் நுழையலாம் என்று சட்டம் வந்தது. மெஷினுக்கான புதுப் பின்னை மட்டும் மணிவாசகம் இன்னும் கடைந்தபாடில்லை.

சட்டம் வந்த அன்று காலை மணிவாசகம் வேலைக்குப் போய்விட்டார். கீழே தடதடவென்று சத்தம். ஜன்னலில் எட்டிப் பார்த்தால், மார்செலைப் போலீஸ் காரில் ஏற்றுகிறார்கள்! அவன் பெண்டாட்டி லூசெட் இரவு உடுப்போடு நடைபாதையில் நின்று கதறுகிறாள். அடுத்த நிமிஷம் இவர்கள் மாடிப்படியில் பூட்ஸ் சத்தம்.

இந்த மெஷின் போலீஸ் கையில் அகப்பட்டால் மார்செல் கதி என்ன? புருஷன் கதி என்ன? ஊருக்கே திருப்பி அனுப்பிவிட மாட்டார்களா? ஒளித்து வைக்க அவகாசமில்லை. கிரிஜா அதை மேஜையிலிருந்து அள்ளிக்கொண்டு ஓடி, பூஜை அலமாரியில் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவே வைத்து, கைக்கு அகப்பட்ட பாசிமணி மாலையை அதன் கழுத்தில் போட்டாள். சந்தனமும் குங்குமமும்தான் ஏற்கெனவே இருந்தனவே!

இரண்டு போலீஸ்காரர்கள். கட்டிலைப் புரட்டினார்கள், அரிசி டின்னைக் கவிழ்த்தார்கள். இளையவன் அலமாரிக்கு எதிரில் வந்து நின்றான்.

“இது என்ன?” என்று இங்கிலீஷில் கேட்டான்.

“எங்க சாமி” என்றாள் கிரிஜா.

சொன்னது தன் வாய்தானா என்று அவளே ஆடிப்போனாள். அவன் சட்டென்று ஒரு அடி பின்வாங்கினான். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ‘பார்தோன், மதாம்’ என்று மன்னிப்புக் கேட்டான். போய்விட்டார்கள்.

அந்த நிம்மதி இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை. கடத்திப்போன மந்திரியைக் கொன்று கார் டிக்கியில் போட்டுவிட்டார்கள் என்று ரேடியோ சொன்னது. கிரிஜா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“நான் யாரைங்க காப்பாத்தினேன்?”

“அவன் வேட்டைக்காரன்னுதான் சொன்னேனே.”

“நீங்க பாத்தீங்களா? ஒரு நாளாவது அவன் வேட்டைக்குப் போய்ப் பாத்திருக்கீங்களா?”

மார்செல் சொன்னான், மணிவாசகம் நம்பினார், அவ்வளவுதான்! கொலைகாரனுக்காக சாமி பேரில் பொய் சொல்லிவிட்டோமோ என்று கிரிஜாவுக்குச் சோறு இறங்கவில்லை.

கொஞ்ச நாளில் மார்செலை விட்டுவிட்டார்கள். தாடியும் மீசையுமாக, பாதி ஆளாகத் திரும்பி வந்தான். ஒன்றும் கிடைக்காததால் விட்டார்களாம். கிடைக்காமல் பண்ணியதே இவள்தானே! அதற்குள் மணிவாசகம் புதுப் பின்னைக் கடைந்து மாட்டி எண்ணெயும் விட்டிருந்தார். குங்குமத்தைத் துடைத்துக் கொடுத்தார். மார்செல் கைப்பிடியை ஒருதரம் இழுத்துப் பார்த்தான்; வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயிற்று. இவ்வளவு நன்றாகப் பழுது பார்க்க வேண்டுமா என்று கிரிஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று சாயங்காலமே கீழேயிருந்து ‘டக், டக்’ என்று கேட்டது. ஒவ்வொரு டக்குக்கும் ஒரு தோட்டா. யாருக்கு?

நவம்பரில் ஒரு நாள் விடிகாலையில் துப்பாக்கிப் பையோடு மார்செல் காரில் ஏறிப் போனான். அன்றையிலிருந்து கிரிஜா ரேடியோவை விட்டு நகரவில்லை. இன்றைக்கு எவன் பேரைச் சொல்லப்போகிறார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள்.

நாலு நாள் கழித்துக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால், லூசெட். கையில் பழுப்புக் காகிதத்தில் ஒரு பொட்டலம், மூலையில் ரத்தம் கசிந்திருந்தது.

“மான், மதாம்” என்றாள், தெரிந்த இங்கிலீஷில். “மார்செல் சுட்டது. உங்களுக்கு.”

முட்டை போட்ட கேக்கைக்கூட வாசலோடு திருப்பி அனுப்புகிற கிரிஜா, அந்தப் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். புடவையெல்லாம் ரத்தம். ‘மெர்ஸி, மெர்ஸி’ என்று நன்றி சொல்லி அழுகிறாள், சிரிக்கிறாள். உள்ளேயிருந்து வந்த மணிவாசகம் வெலவெலத்துப்போனார்.

“கிரிஜா! அது என்னன்னு தெரியுதா உனக்கு?”

“கறிங்க, மான் கறி! மானைத்தாங்க சுட்டிருக்கான்!”