வியாழக்கிழமை ஊசி

அக்காவுக்குச் சயரோகம் என்று வைத்தியர் நாடி பார்த்தே சொல்லிவிட்டார். இருமல், இளைப்பு, மாலையானால் காய்ச்சல். அவருக்கு வேறென்ன வேண்டும்? மாமியார் வீட்டில் அவளைக் காட்டுக் கொட்டகைக்கு அனுப்பி, தட்டும் சொம்பும் தனியாகக் கொடுத்தார்கள். பால்குடி மறக்காத மகளையும் பிடுங்கிக்கொண்டு, எப்போதாவது வரப்பில் நிறுத்தித் தூரத்திலிருந்து காட்டினார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நானும் அம்மாவும் அவளை மொரப்பூரில் ரயிலேற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் சளியைப் பலமுறை சோதித்தும் சயக்கிருமி அகப்படவில்லை. பிறகு விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து, நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார்.

"சயம் இல்லம்மா. ரத்தத்துல ஒரு வகை வெள்ளணு பெருகி நுரையீரலைக் கெடுக்குது. இப்பதான் இந்த நோயே தெரிய வந்திருக்கு. பாஷாணம் சேர்ந்த ஊசி போட்டாக் கேக்கும்."

"நல்லாயிட்டா புள்ளையத் தூக்கலாமுங்களா?" என்றாள் அக்கா.

"தாராளமா."

தப்பான சகவாசத்தில் வரும் மேகநோய்க்கும் அதே ஊசிதான். வியாழக்கிழமைதோறும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் போடுவார்கள். ஆண்களின் வரிசையில் அக்கா முக்காடு போட்டு நின்றாள். வாரத்துக்கு வாரம் இருமல் குறைந்து, இளைப்பு அடியோடு நின்றது.

அந்த வரிசையில் நின்ற அவள் புகுந்த ஊர்க்காரன் ஒருவன், அவளுக்கு மேகநோய் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான். அவன் எதற்கு நின்றான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

குணமான அக்காவைக் கூட்டிக்கொண்டு போனபோது மாமியார் வாசலிலேயே மறித்தாள். அம்மா டாக்டர் சொன்னதையெல்லாம் சொல்லிப் பார்த்தாள்.

"ஒரே ஊசி ரெண்டு நோவுக்கு எப்படிங்க கேக்கும்? சயமா இருந்தா ஊரு பாவம்னு சொல்லும். இதை வெளிய சொல்ல முடியுமுங்களா? உங்க வூட்டுலயே வெச்சுக்கங்க."

அக்கா புருஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். குழந்தை உள்ளே அழும் சத்தம் மட்டும் கேட்டது.

சில வருஷம் கழித்துக் கடத்தூர்ச் சந்தையில் அக்காவின் புகுந்த ஊர்க்காரி ஒருத்தியிடம் புளி வாங்கினோம். புதிதாக வாக்கப்பட்டு வந்தவள், அவளுக்கு எங்களைத் தெரியாது. மாமியார் வீட்டைப் பற்றி நான் மெல்ல விசாரித்தேன்.

"ஒரு பொண்ணு இருக்குதுங்க, கெட்டிக்காரப் புள்ள. பாவம், ஆத்தாக்காரி சயத்துல போயிட்டாங்களாம்" என்றாள்.

அக்கா என் பக்கத்தில்தான் நின்றாள்.

"புள்ள நல்லா சாப்புடுதுங்களா?" என்று கேட்டாள்.